சத்தமில்லாத தோட்டா யாருக்காக?

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆணி கொஞ்சம் அதிகம். இன்னிக்கு எழுதப்போற விஷயம் நம்ம பதிவுலகத்துல யாரும் தொட்டதா எனக்கு ஞாபகமில்ல. துப்பாக்கித் தோட்டா பத்தி. உடனே 'ஐயையோ'ன்னு ஓடிராதீங்க. நான் இதுவரைக்கும் ஒரு துப்பாக்கியைக்கூட சுட்டதில்லை. தீபாவளித் துப்பாக்கியில சுருள் கேப் வெடிச்சதோட நம்ம வீரம் முடிஞ்சிருச்சு :-)

அப்புறம் எப்படி மாட்டினேன்னு கேக்கறீங்களா? நான் குடியிருக்கறது டெக்சாஸ்ல. பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். லேத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கராஜுக்குள்ளயே ஒரு குட்டிப் பட்டறை வச்சிருக்கார். இருபது வயசுலேர்ந்து மான் வேட்டை, பன்னி வேட்டைன்னு திரிஞ்சவர். அவர்கிட்டப் பேசணும்னா வலது பக்கமா நின்னுதான் பேசணும். இடது காது கேக்காது. வலது தோள்ல வச்சுச் சுடறவங்களுக்கு இடது காதுதான் குழல் வாய்ப்பக்கம் இருக்கும், அதனால அதுதான் முதல்ல போகும்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருநாள் வந்து, "உனக்குத்தான் எக்செல் நல்லா வருமே, ஒரு கணக்குப் போட்டுக் குடு"ன்னார். என்ன கணக்கு? ஒலியைவிட மெதுவாப் போற, சைலன்சர் மாட்டின வேட்டைத் துப்பாக்கிக்குன்னே ஒரு புதுத் தோட்டா வடிவமைக்கணுமாம். பேத்தியை இந்த வருஷம் வேட்டைக்குக் கூட்டிப் போறாராம். "என் காது போன மாதிரி அவ காது போகக்கூடாது"ன்னார். இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? உக்காந்துட்டேன்.

முதல்ல அடிப்படை. தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போங்க.

தோட்டா வேற, குண்டு வேற. பித்தளைக் கூடு, அதுக்குள்ள மருந்து, அடியில தீப்பொறி கொடுக்கற ப்ரைமர், மேல சொருகின குண்டு, எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போறது குண்டு மட்டும்தான். நம்ம ஊர்ல சைலன்சர்னா புல்லட் பைக்கோட புகைக்குழாய்தானே? ரெண்டும் ஒரே குடும்பம்தான். மெஷின் கன் கண்டுபிடிச்ச ஹிராம் மேக்சிமோட மகன் ஹிராம் பெர்சி மேக்சிம், 1909-ல துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே தத்துவத்தை வண்டி எஞ்சின் சத்தத்தைக் குறைக்கவும் பயன்படுத்தினார். சூடான வாயுவை அறை அறையாச் சுத்தவிட்டு, ஆறவிட்டு, மெதுவா வெளிய விடறது. அம்புட்டுதான்.

ஆனா வேட்டைத் துப்பாக்கியில ரெண்டு சத்தம் இருக்கு. ஒண்ணு, குழல் வாயில வாயு வெடிச்சு வர்ற சத்தம். இதைச் சைலன்சர் குறைக்கும். இன்னொண்ணு, குண்டு ஒலியைவிட வேகமாப் போறதால காத்தைக் கிழிச்சு வர்ற 'சடார்'. சாட்டையைச் சொடுக்கும்போது நுனியில வருதே, அதேதான். குண்டு போற வழி நெடுக இது கூடவே போகும். சைலன்சர் இதை ஒண்ணும் பண்ண முடியாது. இதை நிறுத்த ஒரே வழி, குண்டை ஒலியைவிட மெதுவா அனுப்பறது.

20 டிகிரி வெப்பத்துல ஒலியோட வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். பனி உறையற 0 டிகிரியில 331. மைனஸ் 20-ல 319. அதாவது கோடையில அமைதியாப் போற குண்டு, கடுங்குளிர்ல 'சடார்'னு சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துரும். அதனால இந்த வகைத் தோட்டாக்காரங்க 305 முதல் 320 மீட்டருக்குள்ள நின்னுக்கறாங்க. நான் 320-ன்னு வச்சுக்கிட்டேன்.

இங்கதான் எக்செல் சிரிக்க ஆரம்பிச்சது.

குண்டோட ஆற்றல், எடையில பாதியை வேகத்தோட வர்க்கத்தால பெருக்கறது. பத்தாம் வகுப்புப் பாடம். சாதாரண வேட்டைத் தோட்டாவான .308 வின்செஸ்டர் எடுத்துக்குங்க. பத்து கிராமுக்குக் கொஞ்சம் கம்மியான குண்டு, நொடிக்கு 850 மீட்டர் சொச்சம். ஆற்றல் சுமார் 3500 ஜூல். இப்ப வேகத்துக்கு 320-ல பூட்டுப் போட்டாச்சு. மிச்சம் இருக்கறது எடை மட்டும். ஒவ்வொரு கிராமுக்கும் 51 ஜூல் கிடைக்கும். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. எந்தக் கம்பெனி எந்தப் பேர் வச்சாலும் இயற்பியல் தள்ளுபடி தராது.

இது புதுசா யோசிச்ச விஷயமும் இல்ல. இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க லீ என்ஃபீல்டு துப்பாக்கியை மாத்தி, .45 கைத்துப்பாக்கித் தோட்டா போட்டு டி லைல் கார்பைன்னு ஒண்ணு செஞ்சாங்க. அந்தத் தோட்டா இயல்பாவே ஒலியைவிட மெதுவா போறது. சோவியத்துல 1980-கள்ல 9x39 வந்தது. 16 கிராம் குண்டு, நொடிக்கு 290 மீட்டர் சுமாருக்கு. அமெரிக்காவுல ஜே.டி. ஜோன்ஸ்ங்கறவர் 1990-கள் தொடக்கத்துல .300 விஸ்பர் செஞ்சார். அதே வழியில 2011-ல .300 பிளாக்அவுட் அதிகாரபூர்வத் தரம் பெற்றது. அதோட மெதுவான வகையில 14 கிராம் குண்டு, சுமார் 675 ஜூல். மேல சொன்ன .308-ல அஞ்சுல ஒரு பங்கு.

ஏன் சின்னக் கூடுன்னு பெரியவர்கிட்ட கேட்டேன். பெரிய கூட்டுக்குள்ள துளி மருந்து போட்டா, அது ஒருதடவை முன்னாடி கிடக்கும், ஒருதடவை பின்னாடி கிடக்கும், ஒவ்வொரு சுடுதலுக்கும் வேகம் மாறும்னார். அண்டாவுல ஒரு டம்ளர் காப்பி கலக்கின மாதிரி. கூடு சின்னதா இருந்தா மருந்து கிட்டத்தட்ட நிறைஞ்சு நிக்கும், வேகம் சீரா இருக்கும். சரின்னு பட்டது.

அடுத்தது முறுக்கு. குழலுக்குள்ள திருகு மாதிரி வரி வெட்டியிருக்கும். அது குண்டைச் சுழல விட்டுத்தான் பம்பரம் மாதிரி நேரா நிறுத்துது. எடை கூடணும்னா குண்டு நீளமாகும். நீளமான குண்டுக்கு இறுக்கமான முறுக்கு வேணும். .308-க்குப் பொதுவா 10 அல்லது 12 அங்குலத்துக்கு ஒரு சுத்து. .300 பிளாக்அவுட்டுக்கு 7 அல்லது 8 அங்குலம். சமீபத்துல வந்த 8.6 பிளாக்அவுட்டுக்கு 3 அங்குலத்துக்கே ஒரு சுத்து! 6.5 க்ரீட்மோர் கூட்டை வெட்டி, வாயை அகலமாக்கிச் செஞ்சது அது. 19, 20 கிராம் குண்டு. கிட்டத்தட்ட 1000 ஜூல் வருது. எனக்குப் புடிச்ச டிசைன்தான். ஆனா 'சுழல்ற வேகமே கொல்லும்'னு சிலபேர் அளந்துவிடறதை மட்டும் நம்பாதீங்க. கணக்குப் போட்டா சுழற்சியில இருக்கற ஆற்றல் மொத்தத்துல 5 சதவீதம் சுமார்தான். குண்டோட மூக்கு விரிய அந்தச் சுழற்சி உதவும், அது உண்மை. உதவறது வேற, அதுவே வேலையை முடிக்கறது வேற.

இந்த இடத்துல நான் ரொம்ப குஷியாயிட்டேன். ஷீட்டுல கலர் எல்லாம் போட்டு, கிராஃப் எல்லாம் வரைஞ்சு... பெரியவர் கூட்டுக்குப் படம் வரைய ஆரம்பிச்சுட்டார். பேர் வைக்கறதுல கூட சண்டை வந்தது.

அப்பதான் அந்த ராத்திரி வந்தது.

அவரோட சிநேகிதர் ராஞ்ச்ல காட்டுப்பன்னித் தொல்லை. புல்வெளியை ஏர் ஓட்டின மாதிரி கிளறிப் போட்டுருக்குங்க. இங்க நில உரிமையாளர் அனுமதி இருந்தா ராத்திரியில பன்னி சுடலாம். பெரியவர் தன்கிட்ட ஏற்கனவே இருந்த .300 பிளாக்அவுட்டை எடுத்துக்கிட்டார். சைலன்சர், மெதுவான தோட்டா. "சத்தத்தைக் கேளு, அதாவது கேக்காம இரு"ன்னு ஜோக் வேற. நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

சுட்டார். உண்மையிலேயே ஆச்சரியம்தான் மக்களே. சைக்கிள் டயருக்குக் காத்து அடிக்கற பம்ப்பு சத்தம் மாதிரி ஒண்ணு. அதுக்கப்புறம் தூரத்துல 'தொப்'புன்னு குண்டு பட்ட சத்தம் தனியாக் கேட்டுச்சு. பன்னி ஒரு துள்ளு துள்ளிட்டு ஓடிப்போயிருச்சு.

டார்ச் வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் தேடினோம். ரத்தத் தடமே சரியா இல்ல. அங்கொரு சொட்டு இங்கொரு சொட்டு. விடியட்டும்னு விட்டுட்டு, காலையில ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தா, உயிரோட கிடக்கு. ராத்திரி முழுக்க அப்படியே கிடந்திருக்கு. பெரியவர் ஒரு வார்த்தை பேசாம முடிச்சு வைச்சார். அப்புறம் காயத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்த சின்ன ஓட்டை. கோணூசியில குத்தின மாதிரி. குண்டு விரியவே இல்ல. அது வேகமான தோட்டாவுக்குன்னு செஞ்ச குண்டு. அந்த வேகத்துல பட்டாத்தான் மூக்கு பூ மாதிரி விரியும். 320-ல பட்டா அது வெறும் ஆணி.

திரும்பி வர்ற வழி முழுக்க வண்டியில பேச்சு இல்ல. வீட்டு வாசல்ல இறங்கும்போது சொன்னார்: "நம்ம தப்பான முனையிலேர்ந்து ஆரம்பிச்சுட்டோம்."

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இந்த ஒரு வரிதான். புதுத் தோட்டா செய்யறவங்க எல்லாம் கூட்டுலேர்ந்து ஆரம்பிக்கறாங்க. எந்தக் கூட்டை வெட்டலாம், எந்தத் துப்பாக்கியில பொருந்தும், என்ன பேர் வைக்கலாம். இதெல்லாம் கடைசியில வரவேண்டியது. முதல் கேள்வி, அந்த மிருகத்தோட உடம்புக்குள்ள குண்டு என்ன செய்யும்ங்கறது.

'ஆற்றல் கம்மின்னா என்ன, வில் அம்பு வச்சு மான் அடிக்கறாங்களே?'ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவுல பயன்படுத்தற வேட்டை அம்புல ஆற்றல் பெரும்பாலும் 100 ஜூல் சுமார்தான். ஆனா அம்பு முனையில அகலமான பிளேடு இருக்கு. அது வெட்டிக்கிட்டே போகும். வேலையை முடிக்கறது அந்த வெட்டுதான். அப்போ மெதுவான குண்டும் அதே மாதிரி 320-லயே, ஏன் 100 மீட்டர் தாண்டி இன்னும் வேகம் குறைஞ்ச பிறகும்கூட, கண்டிப்பா விரியணும். அப்படி மெதுவான வேகத்துலயே விரியற மாதிரி செஞ்ச குண்டுகள் கடையில கிடைக்குது. ஹார்னடி சப்-எக்ஸ், லீஹை டிஃபன்ஸ் குண்டுகள் எல்லாம் அந்த வகைதான். பெரியவர்கிட்ட அன்னிக்கு இருந்தது அது இல்ல. தப்பு துப்பாக்கி மேலயும் இல்ல, தோட்டா மேலயும் இல்ல. எங்க மேலதான்.

இன்னொரு விஷயம், தூரம். மெதுவான குண்டு விழற வேகம் பயங்கரம். 100 மீட்டருக்குச் சரியாக் குறி வச்ச துப்பாக்கியில 125 மீட்டர்ல நிக்கற மானைச் சுட்டா, குண்டு 14 சென்டிமீட்டர் கீழ போகும். 150 மீட்டர்னா 35 சென்டிமீட்டர். அதே .308-ல 150 மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சுமார்தான். மானோட இதயம், நுரையீரல் இருக்கற பகுதி ஒரு சின்னத் தட்டு அளவு. இருட்டுல 25 மீட்டர் தூரம் தப்பா மதிப்பிட்டா வயித்துலயோ கால்லயோ படும். அப்புறம் ஓடைக்கரைக் கதைதான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். ஜெர்மனியில ரோ மானுக்கு 100 மீட்டர்ல குறைஞ்சது 1000 ஜூல், அதைவிடப் பெரிய மான், பன்னிக்கு 2000 ஜூல் இருக்கணும். இங்கிலாந்துல பெரிய மான்களுக்கு 1700 அடி-பவுண்டு, அதாவது சுமார் 2300 ஜூல். ஸ்காட்லாந்துல குண்டோட வேகத்துக்கே கீழ்வரம்பு இருக்கு. கொலராடோவுல 100 கஜத்துல 1000 அடி-பவுண்டு. இப்ப நம்ம கிராமுக்கு 51 ஜூல் கணக்கைப் போட்டுப் பாருங்க. இங்கிலாந்து வரம்பைத் தொடணும்னா குண்டு மட்டும் 45 கிராம் இருக்கணும். ஆறு பத்து ரூபாய் நாணயத்தோட எடை! தோள்பட்டை தாங்குமா? ஆக, இந்த ஊர்கள்ல எல்லாம் மெதுவான தோட்டாவோட மான் வேட்டைக்கு நடைமுறையில கதவு சாத்தியாச்சு.

இதைப் பார்த்துட்டு 'பழைய சட்டம், ஆற்றலை மட்டும் அளக்கற முட்டாள் சட்டம்'னு நிறைய பேர் திட்டறாங்க. பாதி சரி. ஆற்றல் ஒண்ணுதான் அளவுகோல்னா அது மொட்டைக் கத்திதான். ஆனா நான் சட்டத்து பக்கம்தான் நிப்பேன். ஏன்னா அந்தச் சட்டம் கவலைப்படறது மிருகத்தோட வலியைப் பத்தி. வரம்பை எடுக்கணும்னா அந்த இடத்துல இன்னொண்ணு வைங்க. 100 மீட்டர்ல ஜெலட்டின் கட்டியில சுட்டு, குண்டு எவ்வளவு அகலம் விரிஞ்சுது, எவ்வளவு ஆழம் போச்சுன்னு காட்டுங்க. காட்டினா அனுமதி. இல்லேன்னா இல்ல.

சரி, காது? பெரியவர் ஆரம்பிச்சதே அதுக்குத்தானே?

இங்கதான் எனக்கு இன்னொரு ஞானோதயம். சைலன்சர் இல்லாத வேட்டைத் துப்பாக்கி 160 முதல் 170 டெசிபல். ஒப்பிட்டுப் பார்க்க, நம்ம ஊர்ப் பட்டாசுக்கு 4 மீட்டர் தூரத்துல 145 டெசிபல் உச்சம்தான் சட்ட வரம்பு. 140-ஐத் தாண்டின திடீர்ச் சத்தம் ஒரே தடவையில காதைக் கெடுக்கலாம். நல்ல சைலன்சர் 20-லேர்ந்து 35 டெசிபல் குறைக்கும். அதாவது சாதாரண வேகமான தோட்டாவோட சைலன்சர் மாட்டி, மேல காது மூடியும் போட்டுக்கிட்டாலே பேத்தியோட காது பத்திரம். மெதுவான தோட்டா தேவையே இல்ல! ஃபின்லாந்து, நார்வே, நியூசிலாந்துல எல்லாம் வேட்டைக்காரங்க இதைத்தான் செய்யறாங்க. அங்க சைலன்சர்ங்கறது சினிமா வில்லன் சாமான் இல்ல, வண்டிக்கு இருக்கற மாதிரி ஒரு மரியாதை.

அமெரிக்காவுலதான் 1934 சட்டம் அதுக்கு 200 டாலர் வரி போட்டு, அபூர்வப் பொருள் ஆக்கி வச்சது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். பதிவு செய்யறது மட்டும் அப்படியே இருக்கு. இனி நிறைய பேர் வாங்குவாங்க. வாங்கினவங்க 'இன்னும் அமைதி, இன்னும் அமைதி'ன்னு மெதுவான தோட்டா தேடுவாங்க. புதுப்புதுப் பேர்ல வரும். அதனாலதான் இப்பவே இதை எழுதறேன்.

மெதுவான தோட்டாவுக்கு வேலையே இல்லைன்னு சொல்லல. ஊர் ஓரத்து வயல்ல, ராத்திரி அக்கம்பக்கத்தை எழுப்பாம, கிட்டத்துல நிக்கற பன்னிகளைக் குறைக்கறதுக்கு அது சரியான சாமான். அந்த வேலைக்குன்னு யாராச்சும் புதுசா வடிவமைக்கறதா இருந்தா, சுடத் தெரியாத இந்த எக்செல்காரனோட சிபாரிசு இதான்:

1. முதல்ல குண்டு. 250 மீட்டர் வேகத்துலகூட விரியணும். அப்புறம்தான் கூடு.

2. மானுக்கும் பெரிய பன்னிக்கும் 20 கிராமுக்குக் குறையாம. 14 கிராம் போதும்னு சொல்றவங்க ஓடைக்கரைக்கு வந்து பார்க்கட்டும்.

3. வேகமும் வேணும், மெதுவும் வேணும்னு ஒரே தோட்டாவுல ரெண்டையும் கேக்காதீங்க. மெதுவான நீளக் குண்டுக்கு வெட்டின இறுக்கமான முறுக்குல மெல்லிசான வேகக் குண்டைப் போட்டா, பறக்கும்போதே பிஞ்சு சிதறலாம்.

4. இன்னொரு துப்பாக்கிக்குள்ள தப்பாப் போய் உக்காராத கூடு. .300 பிளாக்அவுட்டோட பெரிய குறையே இதுதான். .223 குடும்பத்துக் கூடுங்கறதால, அவசரத்துல 5.56 துப்பாக்கியில போட்டாலும் சிலசமயம் உள்ள போயிரும். சுட்டா துப்பாக்கியே வெடிக்கும். வெடிச்சும் இருக்கு. ரெண்டு துப்பாக்கிக்கும் ஒரே மேகசின் பொருந்தும்ங்கறதை வசதின்னு விளம்பரம் பண்ணினாங்க. அந்த வசதியிலதான் ஆபத்தும் இருக்கு.

5. பெட்டி மேல 'இந்தக் குண்டு இத்தனை வேகத்துக்குக் கீழ விரியாது, இத்தனை மீட்டருக்கு மேல சுடாதே'ன்னு பெரிய எழுத்துல போடணும். மருந்துக்கடை அட்டையில காலாவதி தேதி போடற மாதிரி.

பெரியவர் என்ன ஆனார்? பேத்திக்கு அவரோட பழைய .308-க்கே சைலன்சர் மாட்டிக் கொடுத்திருக்கார். சாதாரணத் தோட்டா. ரெண்டு காதுக்கும் மூடி. புதுத் தோட்டாப் படம் பட்டறைச் சுவத்துல ஒட்டியிருக்கு. கூடு முழுசா வரைஞ்சிருக்கு, குண்டு இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையா இருக்கு. "அது கிடைச்சா சொல்றேன், உன் ஷீட்டை அழிச்சிராத"ன்னு சொல்லியிருக்கார். அழிக்கல.

சத்தம் வராம இருந்தது நமக்குத்தான் சௌகரியம். ராத்திரி முழுக்க ஓடையில கிடந்த பன்னிக்கு அதனால ஒரு லாபமும் இல்ல. எனக்கு அது மறக்க மாட்டேங்குது.

டிஸ்கி 1: நான் சைவம். 'சைவப் பூனைக்கு வேட்டை பத்தி என்ன பேச்சு?'ன்னு கும்மியடிக்க வர்றவங்க தாராளமா வரலாம். பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)

டிஸ்கி 2: இது தோட்டா செய்முறைப் பதிவு இல்ல. மருந்து அளவு, கூட்டு அளவு கேட்டுத் தனிமடல் போடாதீங்க. எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்.